ஐந்தும் சரியாகத்தான் இருந்தன

பொன்னுச்சாமி இருபத்தெட்டு வருடம் லாரி கியர்பாக்ஸ் பிரித்தவர். ஆட்டோமேட்டிக் வண்டிகள் பெருகியதும், ஐம்பத்துநான்கு வயதில், சுந்தராபுரத்தில் ஷாஹிதாவின் பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தார். ஷாஹிதாவுக்கு வயது முப்பத்தொன்று.

ஒருநாள் குணவதி என்பவர் தன் காரோடு வந்தார். இடது காலில் போலியோ. கிளட்ச் மிதிக்க முடியாது. கணவரை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப்போவது அந்த ஆட்டோமேட்டிக் காரில்தான்.

“ரெண்டாவது கியர்லயே நின்னுக்குதுங்க. எப்பவும் இல்ல, ஒரு…”

“பாத்துடறேனுங்க,” என்று சாவியை வாங்கிக்கொண்டார் பொன்னுச்சாமி.

கியர் மாற்றும் சோலினாய்டு ஐந்தையும் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தார். கரண்ட் கொடுத்தால் ஒவ்வொன்றினுள்ளும் ஒரு ஊசி நகர்ந்து எண்ணெய்க்கு வழிவிடும். நகராவிட்டால் கியர் மாறாது. ஷாஹிதா சொல்லித்தந்தபடி மீட்டர் வைத்தார். ஐந்திலும் சரியான அளவு. பேட்டரியைத் தொடுத்தார். ஐந்தும் டிக் என்றன.

மாலையில் குணவதியிடம் சொன்னார்: “வண்டி நல்லாருக்குதுங்க. நீங்க ஓட்டற விதந்தான்.”

குணவதி காரை ஓட்டிப்போனார்.

மறுநாள் மதியம் கார் இழுவை வண்டியில் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மேம்பாலத்தில் வேகம் எடுக்காமல் போய், பின்னால் வந்த பஸ் உரசப் பார்த்திருக்கிறது. சோர்ந்துபோன கணவர் ஒன்றரை மணி நேரம் வெயிலில் இருந்திருக்கிறார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குணவதி வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

பொன்னுச்சாமி மறுபடி ஐந்தையும் கழற்றிச் சோதித்தார். மீட்டரை மாற்றினார். பேட்டரியை மாற்றினார். ஐந்தும் டிக் என்றன. தன் காதையே சந்தேகப்பட்டு ஷாஹிதாவிடம் போனார்.

“அம்மிணி, எனக்கு ஒண்ணும் புரியலைங்க. அஞ்சும் சரியாத்தான் இருக்குது. வண்டி மட்டும் எப்படித் தப்பாகும்?”

ஷாஹிதா ஒரு சட்டியில் கியர் எண்ணெய் ஊற்றி அடுப்பில் வைத்தார். ஓடுகிற வண்டியில் இருப்பதுபோல் கை வைக்க முடியாத சூடு வந்ததும், ஐந்தையும் கம்பியில் கட்டி உள்ளே இறக்கினார். கொஞ்ச நேரம் கழித்து, ஒவ்வொன்றாகப் பேட்டரியைத் தொடுத்து, “இப்பக் கேளுங்கண்ணா,” என்றார்.

முதல் மூன்றும் டிக் என்றன. நான்காவது பேசவில்லை. பொன்னுச்சாமி மீட்டர் வைத்தார், எண்ணே வரவில்லை. வெளியே எடுத்து ஆறவிட்டார். டிக் என்றது.

“இதென்னங்க இது? இத்தன நேரம் பொய்யா சொல்லுச்சு?”

“பொய் இல்லைங்கண்ணா. ஆறியிருக்கறப்பக் கேட்டீங்க, ஆறியிருக்கறப்ப எப்படியோ அதைச் சொல்லுச்சு.”

“அப்ப இனி எல்லாத்தையும் காய்ச்சித்தான் பாக்கோணும்.”

“சிலது வண்டி ஆட்டத்துல போகும். சிலது மழையில போகும். எல்லாத்தையும் எப்படிக் காய்ச்சுவீங்க?”

அவர் இன்னும் குழம்பினார். “அப்புறம் எதை வெச்சுங்க கண்டுபிடிக்கறது?”

ஷாஹிதா நேற்றைய வேலைச் சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். ‘வண்டிக்காரர் சொன்னது’ என்ற இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“அவங்க வெளியிலதான் உக்காந்திருக்காங்க,” என்றார்.