சும்மா சுற்றும் வளையம்

சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் வாயில் மிச்சமிருக்கும் பல் இப்போதே உதிரட்டும். இருப்பது ஒன்றுதான், அதுவும் ஆடுகிறது. ஆடுகிற பல்லின் மேல் செய்த சத்தியம் செல்லாது என்று யாராவது சொன்னால், அவர் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் ஐந்து நிமிடம் நின்று பார்க்கட்டும்.

அந்தக் காற்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆடி மாதம் அது என் வேட்டியை உருவிக்கொண்டு போய்ப் பணகுடியில் போட்டது. பணகுடிக்காரன் ஒருவன் அதைத் துவைத்து, மடித்து, ஐப்பசியில் காற்று திரும்பியபோது அதிலேயே அனுப்பிவைத்தான். நல்ல மனுஷன். முகம் தெரியாது.

அப்படிப்பட்ட கணவாயில்தான் எங்கள் ரைபிள் கிளப் இருக்கிறது. என் லேத்துப் பட்டறை அதன் மதிலை ஒட்டி. குறி அட்டை மாட்டும் சட்டம் உடைந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் உள்ளே நடப்பது எல்லாம் எனக்குத் தெரியும்.

சுடக் கற்றுக்கொடுத்தவள் பிலோமினா. எங்கள் பக்கம் அடிமுறைச் சண்டை சொல்லித் தருகிறவரை ஆசான் என்போம். துப்பாக்கி சொல்லித் தந்ததால் அவளும் ஆசான். பெண்ணுக்கு வேறு சொல் தேட ஒருவருக்கும் பொறுமையில்லை.

சீடர் டாக்டர் ஐயம்பெருமாள். பல் டாக்டர். ஆசானுக்கு அப்பா வயது. வலது கையில் நடுக்கம் வந்ததும், நடுங்கும் கையை அடுத்தவன் வாயில் விடக் கூடாது என்று தானே ஏணி போட்டு ஏறிப் பெயர்ப்பலகையைக் கழற்றினார்.

பிறகுதான் இங்கே வந்தார். மேஜை மேல் மணல்பை, மணல்பை மேல் துப்பாக்கி. சின்னக் குண்டு போடும் துப்பாக்கிதான். ஐம்பது மீட்டரில் அட்டை. கை விசையைத் தொட்டால் போதும். தொடுகிற அந்த நொடியில் மட்டும் அவர் கை நடுங்குவதில்லை. ஏன் என்று எந்த வைத்தியருக்கும் தெரியவில்லை. டாக்டர் அதை ஆராயவும் இல்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டார்.

மாநிலப் போட்டிக்குக் கிளப்பிலிருந்து நான்கு பேர் போக வேண்டும். மூன்று பேர் முடிவாகிவிட்டது. நான்காவது ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை தேர்வு.

"இதிலயும் ஆகலன்னா துப்பாக்கிய ஒப்படைச்சிருவேன்வே" என்றார் டாக்டர் என்னிடம். "கை அதுபாட்டுக்கு நடுங்கிட்டுக் கிடக்கட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துப்பாக்கிக் குழல் இரும்புதான். ஆனாலும் சுடும்போது தென்னை ஓலை மாதிரி ஆடும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம். குண்டு வெளியேறும்போது நுனி எங்கே நிற்கிறதோ அந்தத் திசையில்தான் குண்டு போகும். அந்த ஆட்டத்தை வசப்படுத்தக் குழல் நுனியில் ஓர் எடை மாட்டுவார்கள். டியூனர் என்று பெயர். அதில் கோடும் எண்ணும் போட்ட வளையம் உண்டு. திருகினால் எடை மயிரிழை முன்னே போகும், பின்னே வரும். சரியான கோடு கிடைத்தால் குண்டெல்லாம் ஒரே வாசலில் நுழையும். கிடைத்ததும் பூட்டுத் திருகை இறுக்கிவிட வேண்டும். அப்புறம் தொடக் கூடாது.

டாக்டர் காதில் எல்லாம் விழுந்தது. அந்தக் கடைசிச் சொல் மட்டும் விழவில்லை.

ஒரு குண்டு சுடுவார். எழுந்துபோய் வளையத்தைத் திருகுவார். உட்கார்ந்து இன்னொன்று சுடுவார். மறுபடி திருகுவார். அட்டையைப் பார்த்தால் அம்மை போட்ட முகம்.

ஆசான் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இப்ப என்ன செஞ்சீங்க டாக்டர்?"

"ரெண்டு கோடு கூட்டினேன் ஆசானே."

"எதுக்கு?"

"குண்டு மேல போச்சுல்லா."

"ஒரு குண்டு சொன்னதக் கேட்டா திருகினீங்க?"

"பின்ன யாரு சொல்லணும்?"

"ஒரு அஞ்சு பேராவது சேர்ந்து வந்து சொல்லட்டும். தனியா வர்றவன் கோள் சொல்ல வர்றவனாக்கும்."

டாக்டர் தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே விரல் வளையத்துக்குப் போனது.

ஆசான் டியூனரைக் கழற்றிப் பார்த்தாள். திருகு மரையெல்லாம் கரி. குண்டில் தடவியிருக்கும் மெழுகு புகையோடு சேர்ந்து பிசுபிசு என்று அப்பியிருந்தது. பூட்டுத் திருகு தொளதொள என்று ஆடியது.

"இத இறுக்குறதே இல்லியா?"

"அடிக்கொரு தரம் அவிழ்க்கணும்லா. தொந்தரவு. அதான் லூசா விட்டுட்டேன்."

"வீட்டுக் கதவையும் இப்படித்தான் போடுவீங்களா? அடிக்கடி திறக்கணும்னு?"

டாக்டர் தன் பையிலிருந்து ஒரு பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தார். பல் டாக்டர் பையில் வேறென்ன இருக்கும். ஆசான் மரையைத் தேய்த்தாள், துணியால் துடைத்தாள், அரைச் சொட்டு எண்ணெய் விட்டாள், அதையும் துடைத்தாள். சரியான கோட்டில் நிறுத்தி, திருகை அளவாக இறுக்கினாள்.

"இனி தொடாதீங்க."

டாக்டர் தொடவில்லை. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. சுடுவதற்காகக் கையை வெளியே எடுத்தார்.

கை நடுங்கியது. விசைமேல் வைத்த பிறகும் நடுங்கியது. அந்த ஒரு நொடியும் போய்விட்டது.

குண்டு அட்டைக்கே போகவில்லை. முப்பந்தல் காற்றாலைக் காற்றாடி ஒன்றைச் சுற்றி, இறங்குகிற இடம் கேட்டுக்கொண்டு போனது என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். சரி, மண்மேட்டில் விழுந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திருகினால் குண்டு சிதறுகிறது. திருகாவிட்டால் கை நடுங்குகிறது. டாக்டர் துப்பாக்கியை உறையில் போட்டுப் பொத்தான் மாட்ட முயன்றார். பொத்தான் மாட்ட வரவில்லை. ஆசான் மாட்டிக் கொடுத்தாள்.

அன்று மத்தியானம் அவள் என் பட்டறைக்கு வந்தாள்.

"பாட்டா, ஒரு மோதிரம் வேணும்."

"யாருக்குக் கல்யாணம்?"

"துப்பாக்கிக்கு."

"மாப்பிள்ளை?"

"நம்ம டாக்டர்."

துப்பாக்கி டியூனரை என் மேஜைமேல் வைத்தாள். "இந்த வளையத்துக்கு மேல இன்னொரு வளையம். அலுமினியத்துல. வெங்காயத் தோல் மாதிரி லேசா. கோடு வேணும், நம்பர் வேணும், திருகினா டிக் டிக்குன்னு கேக்கணும்."

"திருகினா உள்ள இருக்குறதும் திரும்பணும்லா?"

"திரும்பக் கூடாது. அது பூட்டுனபடி கிடக்கும். மேல உள்ளது சும்மா சுத்தணும்."

"சும்மா சுத்துறதுக்கா நம்பர்?"

"ஆமா பாட்டா. நம்பர் அழகா வெட்டுங்க."

என் ஆயுளில் காற்றாடிக்குப் போல்ட் வெட்டியிருக்கிறேன், கோயில் தேருக்கு ஆணி வெட்டியிருக்கிறேன். ஒரு வேலையும் செய்யாத சாமானுக்கு இத்தனை பாடுபட்டது அன்றைக்குத்தான். உள்ளே ஒரு குட்டி ஸ்பிரிங்கும் கடுகளவு இரும்பு உருண்டையும் வைத்து அந்த டிக் சத்தத்தைக் கொண்டுவந்தேன். பல்லி கேட்டால் தன் இனம் என்று ஓடிவரும். ஓடியும் வந்தது.

மறுநாள் காலை, காற்று எழும் முன்னே ஆசான் அதை மாட்டினாள். புது வளையத்தின் எடையும் கணக்கில் வர வேண்டும் அல்லவா? தானே உட்கார்ந்து, டாக்டரின் குண்டுப் பெட்டியிலிருந்தே குண்டெடுத்துச் சுட்டு, உள்வளையத்தைப் புதிதாக நிறுத்திப் பூட்டினாள். பூட்டுத் திருகின் தலையில் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைத்தாள். அசைந்தால் விரிசல் காட்டிக்கொடுக்கும்.

டாக்டர் வந்தார்.

"புது வளையம் போட்டிருக்கு. இனி உங்க இஷ்டம்போல திருகிக்கோங்க."

"இஷ்டம்போலயா?"

"ஒரு குண்டுக்கு ஒரு கோடு."

டாக்டர் ஒரு கோடு திருகினார். டிக். ஆசானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மேற்கே மலையைப் பார்த்தேன்.

"நல்லா வழுக்குது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காற்று வெறிபிடித்து வீசியது. திசை காட்டும் கொடிகள் கம்போடு போய்விடுமோ என்றிருந்தது. டாக்டர் உட்கார்ந்தார். ஒரு கோடு திருகினார், டிக். கொடி தணியக் காத்திருந்தார். சுட்டார். மறுபடி டிக். மறுபடி காத்திருந்தார். விசைக்குப் போகும்போது அவர் கை, தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடப்போகிற கை மாதிரிப் போனது.

பத்துக் குண்டு. அட்டையில் ஓட்டை ஒன்றே ஒன்று. மீதிக் குண்டெல்லாம் எங்கே என்று நடுவர் மேஜைக்கு அடியில் தேடினார். சரி, முறைக்காதீர்கள், ஒன்றரை ஓட்டை. அதற்குக் கீழே இறங்கமாட்டேன்.

அணியில் நான்காவது இடம் டாக்டருக்கு.

மறுநாள் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு டாக்டரே என் பட்டறைக்கு வந்தார். இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்.

"எதுக்கு டாக்டரே இது?"

"வளையத்துக்கு."

"எந்த வளையம்?"

"சும்மா சுத்துற வளையம்."

எனக்கு லேத்து ஓடாமலே தலை சுற்றியது.

"என்னவே முழிக்கீரு? வாழ்நாள் பூராவும் அடுத்தவன் பல்லுல விரல வச்சுப் பாத்தவனாக்கும் நான். கை நடுங்கும். விரல் செத்துப்போகல. மரை கடிச்சுத் திரும்புதா, வெறும் ஓடு திரும்புதான்னு தெரியாதா?"

"எப்பத் தெரிஞ்சுது?"

"முதல் டிக்குலயே."

"தெரிஞ்சுமா திருகினீரு?"

"கைக்கு ஒரு வேலை வேணும்லா. அத அவ கண்டுபிடிச்சிருக்கா." டாக்டர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. "பொய் வளையத்துல எதத் திருகுறதுன்னு யோசிச்சேன். ஒரு டிக்குக்கு ஒருத்தருக்கு நன்றி சொன்னேன். அவளுக்கு ஒண்ணு, உமக்கு ஒண்ணு, இந்தக் கைக்கு ஒண்ணு. இன்னும் ஆளு மிச்சம் இருக்கு. குண்டு தீந்துபோச்சு."

"ஆசான்கிட்டச் சொல்ல வேண்டாமா?"

"எனக்காக இவ்வளவு பாடுபட்டிருக்கா. நான் போயி, நீ ஏமாத்துன, நான் கண்டுபிடிச்சிட்டேன்னு நிக்கவா? நீரும் வாயத் திறக்கப்படாது." எழுந்து போனவர் வாசலில் நின்றார். "ஆனா இந்த வித்தைய எங்கயோ பாத்த மாதிரி இருக்குவே. எங்கன்னுதான் பிடிபடல."

வாயைத் திறக்காதே என்றால் எனக்கு வயிறு உப்பிவிடும். பலாச்சுளையில் பாதியை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனேன்.

ஆசான் டாக்டரின் டியூனரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நெயில் பாலிஷ் பொட்டில் விரிசல் இல்லை. கையில் அதே டூத் பிரஷ்.

"ஆசானே, எனக்கு ஒரு சந்தேகம்" என்றேன். "ஒண்ணையும் திருப்பாத வளையம் எப்படிக் கைய நிறுத்தும்? இந்த வித்தைய உனக்கு யாரு சொல்லித் தந்தா?"

அவள் வாயை ஆவென்று திறந்து, கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப்பல்லைத் தொட்டுக் காட்டினாள்.

"இது டாக்டர் அடைச்ச பல்லு. எனக்கு முதல் பெரிய போட்டிக்கு முந்தின வாரம். கடிச்சா அடைச்ச எடம் தட்டுது தட்டுதுன்னு திரும்பத் திரும்பப் போய் நின்னேன். அவரும் தேச்சுத் தேச்சு விட்டாரு. கடைசியா ஒரு நாள் மெஷின உள்ள விட்டு ர்ர்ருன்னு ஓட்டினாரு. இப்பத் தட்டுதான்னு கேட்டாரு. இல்ல டாக்டர், சரியா இருக்குன்னேன்."

"தேச்சது போதுமா இருந்துச்சு, இல்லியா?"

"தேய்க்கவே இல்ல பாட்டா. மெஷின் காத்துலதான் ஓடிச்சு. பல்லு அதிரலியே, எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் சரியா இருக்குன்னு சொன்ன?"

"சரியாத்தான் இருந்துச்சு."

பிரஷ்ஷைத் தட்டி உதறினாள். வளையத்தை ஒரு தடவை திருகினாள். டிக்.

"டாக்டருக்கு இது தெரியுமா?"

"எது?"

"அவரு காத்துல ஓட்டுனது உனக்குத் தெரியும்னு."

ஆசான் ஒரு பலாச்சுளையை எடுத்து, கொட்டையை நீக்கி, அந்தக் கடைவாய்ப்பல்லுக்கே கொடுத்து மெதுவாக மென்றாள்.

"இத்தன வருஷமாச் சொல்லல" என்றாள். "சொன்னா வலிக்கும்லா."

நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

இப்போது இரண்டு பக்கத்து ரகசியமும் என் ஒருவன் வாயில். அந்த வாயில்தான் ஒற்றைப் பல்லும் ஆடிக்கொண்டிருக்கிறது. அதனால் உங்கள் காதில் போட்டேன். டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள், ஆசானிடமும் வேண்டாம். மீறி எங்காவது உளறி, யார் சொன்னது என்று கேட்டால், என் பெயரை எடுக்காதீர்கள். பணகுடிக்காரன் ஒருவன் சொன்னான் என்று சொல்லிவிடுங்கள். நல்ல மனுஷன், தாங்கிக்கொள்வான்.