பத்து மணிக் கையெழுத்து

முத்துப்பேச்சியின் கை நிற்கவில்லை. புளியம்பழத்தைக் கல்லில் வைத்து ஒரே தட்டு. கொட்டை ஒரு பக்கம், சதை ஒரு பக்கம். எதிரே முறத்தை ஒட்டிக் குத்தவைத்திருந்தவர் கரிசல்நத்தம் நகராட்சித் தலைவர் சூடாமணி. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. முத்துப்பேச்சிக்கு இருபத்தாறு.

ஓட்டுக் கேட்டு வந்த அன்று இவள் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் முழித்தவர் சூடாமணி. ஜெயித்த பிறகு மண்டை குழம்பும்போதெல்லாம் இந்த வாசலுக்கு வந்துவிடுவார். "குருவே" என்றுதான் கூப்பிடுவார். முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. இப்போது விளையாட்டு இல்லை. முத்துப்பேச்சிக்குத்தான் கூச்சம், தலையைக் குனிந்துகொள்வாள்.

"குருவே, எனக்கு நெஞ்சு கொதிக்குது. துணி தைக்கிற கம்பெனிக்காரன் நம்ம ஊருக்கு வர்றேங்குறான். நகராட்சியோட பழைய கட்டடத்தையே குடுத்துட்டேன். இருநூறு பொம்பளைங்க வேணும், காலையில எட்டு மணிக்கு மிஷின்ல உக்காரணும்னான். பேர் எழுத வாங்கன்னு ஆட்டோவுல மைக்கு கட்டிக் கத்தவிட்டேன். எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா? பத்தொம்பது!"

ஒரு கொட்டை தெறித்து அவர் மடியில் விழுந்தது.

"வியாழக்கிழமை மறுபடி வருவான். அன்னைக்கும் ஆள் இல்லேன்னா வேற ஊரு பார்த்துக்குவான். வேலை இல்லை, வேலை இல்லைன்னு என் சேலையைப் பிடிச்சு இழுத்தவங்கதானே எல்லாரும்? இப்ப வேலை வாசல்ல வந்து நிக்குது. ஏன் வர மாட்டேங்குறாங்க?"

முத்துப்பேச்சி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய் ஒரு குடத்தைக் கொண்டுவந்தாள்.

"மணி என்னக்கா?"

"ஏழரை."

"இதைக் குழாயடியில வரிசையில வச்சுட்டு உக்காருங்க. தண்ணி பிடிச்சுட்டு வாங்க, பேசுவோம்."

தலைவர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தார். குழாயடியே எழுந்து நின்றது.

"என்ன தலைவரம்மா, உங்க வீட்டுப் போருலயும் தண்ணி வத்திருச்சா?"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. எட்டு மணி தாண்டியது. எட்டரைக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது, கூட்டத்துக்கு எல்லாரும் வந்துவிட்டார்களாம். சூடாமணி எழுந்தார்.

"தாராளமாப் போங்க," என்றாள் வரிசையில் இருந்த ஒருத்தி. "ஆள் இல்லாத குடம் கடைசிக்குப் போயிரும். அது இந்தக் குழாயோட சட்டம்."

"நான் இந்த ஊருக்கே தலைவருடி!"

"அது குழாய்க்குத் தெரியாதே!"

மறுபடி உட்கார்ந்தார். ஒன்பது ஆனது, பத்தும் ஆனது. பக்கத்தில் இருந்தவள் கிழிந்த பாவாடை ஒன்றைக் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தாள். தையல் நூல் பிடித்தது போல் நேராக ஓடியது.

"எங்கடி கத்துக்கிட்டே?"

"திருப்பூர்ல எட்டு வருசம் தச்சேன்."

"அப்புறம் ஏன் பேரு குடுக்கலை?"

அவள் மோவாயால் குழாயைக் காட்டினாள்.

பத்தே முக்காலுக்கு சைக்கிள் மணி கேட்டது. தெருமுனை வால்வைத் திறக்கும் பால்துரை வந்தார். வரிசையில் தலைவரைப் பார்த்ததும் சைக்கிளோடு சாயப்போனார்.

"ஏன்யா இவ்வளவு நேரம்?"

"பத்து மணிக்கு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டுத்தானேம்மா வரணும்."

"முன்னாடி எத்தனை மணிக்குத் திறந்துக்கிட்டிருந்தே?"

"ஆறு மணிக்கு. நீங்க வந்த முதல் வாரமே ஆர்டர் போட்டீங்களேம்மா, கையெழுத்துப் போடாம ஒருத்தனும் வேலையைத் தொடக்கூடாதுன்னு. ஊர்ல இருக்குற ஏழு தண்ணி டேங்குக்கும் இதே நேரந்தான்."

அந்த ஆர்டரைப் பாராட்டி பேப்பரில் வந்ததை சூடாமணி கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்.

குழாய் சீறியது. குடம் நிறைந்ததுதான் தாமதம், சேலை நனைய நனைய ஓடிவந்தார்.

"குருவே! ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேரையும் நானே குழாயடியில கட்டிப்போட்டிருக்கேன்! நீ ஏன்டி ஒரு வார்த்தை சொல்லலை?"

"வேலை கொண்டுவர்றது எப்படின்னுதானேக்கா இத்தனை நாளாக் கேட்டீங்க. வேலைக்கு நாங்க எப்படி வருவோம்னு இன்னைக்குத்தான் கேட்டீங்க."

அன்று மத்தியானமே, தண்ணீர் திறப்பவர்கள் அங்கேயே கையெழுத்துப் போடட்டும் என்று, ஆபீஸிலிருந்த கையெழுத்து நோட்டுகள் ஏழு டேங்குக்கும் போயின. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஊர் முழுக்கக் குழாய் பேசியது.

வியாழக்கிழமை ஏழரைக்கெல்லாம் கம்பெனி வாசலில் நிற்க இடமில்லை. தலைக்குக் குளித்த ஈரம் காயாமல், கையில் டிபன் டப்பாவோடு, தெருத் தெருவாக வந்துகொண்டே இருந்தார்கள். பேர் எழுதும் பேப்பர் தீர்ந்து மேனேஜர் கையை விரித்தார்.

"போதும்மா, இருநூறுதான் கேட்டேன்!"

"நானூறு இருக்கு! இன்னும் கொஞ்சம் மிஷின் போடுய்யா!" என்று சூடாமணி குழந்தை மாதிரி கத்தினார்.

கூட்டத்துக்குள் முத்துப்பேச்சி நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை இழுத்துச் சொருகியிருந்தாள்.

"நீயுமா! குருவே, நீயும் உள்ள போயிட்டா அடுத்த கேள்வியை நான் யார்கிட்ட கேப்பேன்?"

முத்துப்பேச்சி வெட்கத்தோடு சிரித்தாள்.

"இந்தக் கேள்வியே இன்னும் முடியலையேக்கா. இருட்டுன பிறகுதான் எங்களை விடுவாங்களாம். இங்கருந்து எங்க தெருவுக்கு வர்ற பாதையில ஆறு தெரு லைட்டும் எரியாம..."

"முத்துப்பேச்சி! யாரும்மா முத்துப்பேச்சி? உள்ள வாங்க!"