தொண்டைக்குக் காவல்

ஜெபமலர் என்ற சிறுமியின் உடம்புக்குள் ஒரு காவல்காரன் இருந்தான். நரம்பு என்று பெயர். பக்கத்து வீட்டில் சிலிண்டர் வெடித்த அன்று, பதறியடித்து ஓடி அவள் தொண்டையைப் பூட்டினான். சாவியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான். எட்டு மாதம் ஆகியும் விட்டபாடில்லை.

உள்ளே குரல் தவித்துக் கிடந்தது. "அண்ணே, ஒரே ஒரு தடவை விடேன். அம்மான்னு கூப்பிட்டுட்டு ஓடி வந்துடுறேன்."

"சும்மா கிட. சத்தம் போட்டா மறுபடியும் வெடிக்கும்."

வெளியே அம்மா ஜெசிந்தாவும் அந்த ஒரு சொல்லுக்குத்தான் ஏங்கினாள். சாக்லேட்டைக் காட்டி, "பயப்படாதே கண்ணு, அம்மான்னு சொல்லு" என்று கெஞ்சுவாள். பாவம், வெளியே பேசுகிற பேச்சு நரம்பின் காதில் ஏறாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவனுக்கு முகம் தெரியும், மூச்சு தெரியும். அவள் மூச்சு படபடவென்று அடித்ததுமே, "பார்த்தியா, இவளே பயப்படுறா" என்று இன்னொரு பூட்டையும் போட்டுவிடுவான்.

கடைசியில், குழந்தைகளுக்கு விளையாட்டிலேயே சிகிச்சை தரும் சுகந்தியிடம் கூட்டிப் போனாள். சுகந்தி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து ஒரு துணிப்பந்தை மெதுவாக உருட்டினாள். ஜெசிந்தாவிடம், "பேசச் சொல்லாதீங்க. மூச்சை நிதானமா விட்டுக்கிட்டே உருட்டுங்க, போதும்" என்றாள்.

நாலு வாரம் இதே கூத்துதான். இதற்கா ரெண்டு பஸ் மாறி வருகிறோம் என்று ஜெசிந்தாவுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் உருட்டினாள். உருட்ட உருட்ட அவள் மூச்சு அடங்கியது.

நரம்பு மெல்ல எட்டிப் பார்த்தான். "என்ன இது, வெடிக்கவே மாட்டேங்குது?"

"எனக்கு உருளத்தான் தெரியும்" என்றது பந்து. "பிடிக்கிறியா?"

"நானா?" ஆசை அவன் கண்ணில் வழிந்தது. "கையில சாவி இருக்கே."

"பக்கத்துலயே வை. வேணும்னா எடுத்துக்கோ."

வைத்தான். ஜெபமலரின் இரண்டு கைகளும் நீண்டு பந்தைப் பிடித்தன. குரல் விடுமா? ஒரே பாய்ச்சலில் வெளியே வந்தது.

"அம்மா, பிடி!"

ஜெசிந்தாவுக்குக் கண்ணீர் முட்டியது. ஆனாலும் கத்தவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. மூச்சை நிதானமாக விட்டு, வந்த பந்தைத் திருப்பி உருட்டினாள்.

குரலுக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. "அடப்பாவி, இதை முன்னாடியே செஞ்சிருக்கக் கூடாதா?"

பந்திலிருந்து கண்ணை எடுக்காமலே நரம்பு சொன்னான்: "நானும் அவ வயசுதானே. என்னை யாரும் விளையாடக் கூப்பிடலையே."