பொன்னகரியின் தங்கக் கூரை

வெகு காலத்துக்கு முன்னே, செங்குளம் என்கிற சின்ன நாட்டை முத்துப்பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் பக்கத்து இலையில் விழுகிற அப்பளம்தான் அவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும்.

ஒருமுறை அண்டை நாடான பொன்னகரிக்கு விருந்துக்குப் போனார். அங்கே அரண்மனைக் கூரை முழுக்கத் தங்க ஓடு! ஊர் திரும்பியவருக்குச் சோறு இறங்கவில்லை.

"நம் நாடு இவ்வளவு ஏழையா, மழவராயரே?" என்று சபையில் புலம்பினார்.

மழவராயர் நாட்டின் பிரதானி, முதல் மந்திரி. ராஜாவின் முகம் பார்த்துப் பேசுவதில் கெட்டிக்காரர். "கவலை எதற்குப் பிரபு? குடிகளிடம் விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு வாங்குகிறோம். மூன்றில் ஒன்றாக்குங்கள். அடுத்த தைக்குள் நம் கூரையும் தகதகக்கும்!"

வாசலில் நின்ற பல்லக்குத் தூக்கி சடையாண்டியின் காதில் இது விழுந்தது. அவன் அண்ணன் தம்பிகள் எல்லாம் உழுகிறவர்கள். வாயை அடக்கிப் பார்த்தான், முடியவில்லை.

"மகாராசா, பொன்னகரி நம்மளைவிட ஏழைங்க."

"பல்லக்குச் சுமக்கிறவனுக்கு என்னடா தெரியும்?" என்று சீறினார் மழவராயர்.

"அன்னிக்குப் பொன்னகரியிலே மகாராசா பல்லக்குத் திரையை விலக்கி அண்ணாந்து பாத்தாங்க, சாமி. நான் பல்லக்கைச் சுமந்து குனிஞ்சு போறவன். எனக்கு வீட்டு வாசல்தான் தெரியும்."

ராஜாவுக்கு ஆவல் வந்துவிட்டது. "நிரூபி. தவறினால் முப்பது கசையடி."

"அப்போ மகாராசாவும் ராயரும் என்கூடப் பல்லக்குத் தூக்க வரணும்."

மூவரும் முண்டாசு கட்டி, இன்னொரு ஆளையும் சேர்த்துக்கொண்டு, காலிப் பல்லக்கோடு புறப்பட்டார்கள். அரைக்காதம் போவதற்குள் மழவராயரின் தோள் பணியாரமாக வீங்கிவிட்டது.

பொன்னகரியில் நடுமத்தியானம். வீடு வீடாகக் கஞ்சி கேட்டார்கள். கதவைத்தான் சாத்தினார்கள். கடைசியில் ஒரு பெண் வெளியே வந்து தண்ணீர் மட்டும் கொடுத்தாள்.

"ஏம்மா, இவ்வளவு பணக்கார நாட்டிலே கஞ்சி இல்லையா?" என்றார் ராஜா.

அவள் வெறுங்காதைத் தடவிக்கொண்டாள். "அரமனைக் கூரை மின்னுதே, பாத்தீகளா? அதுல என் தோடும் ஒண்ணு."

பல்லக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். எல்லை தாண்டிச் செங்குளத்துக்குள் நுழைந்ததும், முதல் வீட்டிலேயே ஒரு அம்மாள் ஆளுக்கொரு அகப்பை கூழும் வெங்காயமும் கொடுத்தாள். ராஜா துள்ளினார். "பார்த்தீரா ராயரே! நாம்தான் பணக்காரர்கள்!"

"அவசரப்படாதீங்க, மகாராசா. இன்னொரு அகப்பை கேளுங்க" என்றான் சடையாண்டி மெதுவாக.

ராஜா கையை நீட்டினார். அந்த அம்மாள் கூச்சத்தோடு பானையை மூடினாள். "கோவிச்சுக்காதீங்க ஐயா. பிள்ளைக இன்னும் சாப்பிடலை."

"நம்ம நாட்டுச் செல்வம் அந்த ஒரு அகப்பைதாங்க" என்றான் சடையாண்டி. "ராயர் கேக்குற பங்கு அதுலேருந்துதான் வரணும்."

நீட்டிய கையை ராஜா மடக்கிக்கொண்டார். ஊர் வந்ததும் முதல் வேலையாக வரியை எட்டில் ஒன்றாகக் குறைத்தார். "என்ன ராயரே, சம்மதமா?" என்றபோது, தோள்வலியில் மழவராயரால் தலையை நிமிர்த்தக்கூட முடியவில்லை. சபை கொல்லென்று சிரித்தது.

சடையாண்டிக்குப் பத்துக் காணி நிலம் கிடைத்தது. "இன்னும் என்ன வேண்டும், கேள்!" என்றார் ராஜா.

"வருசத்துக்கு ஒருநாள் நடந்து வாங்க, மகாராசா. எங்களுக்கும் தோள் ஆறும்."