ஆற்றை நோக்கி ஓடிய முயல்

அமெரிக்காவின் தெற்கே இருக்கும் லூசியானாவில், மிசிசிப்பி ஆற்றோரக் காட்டில், வெண்வாலி என்ற முயல் தன் நான்கு குட்டிகளோடு வாழ்ந்தது. துள்ளக் கற்றுக்கொண்டு நான்கு நாள்கூட ஆகாத குட்டிகள்!

கோடை முடியும் நேரத்தில் கடல் பக்கமிருந்து ஒரு சூறாவளி வந்தது. வந்தது போயிருக்கலாம் அல்லவா? போகவில்லை. மூன்று நாளாக அங்கேயே உட்கார்ந்துகொண்டு கொட்டு கொட்டென்று கொட்டித் தீர்த்தது. ஆறு பொங்கிக் கரையின் விளிம்பைத் தொட்டுவிட்டது.

விலங்குகள் நடுங்கிக்கொண்டு ஒன்றுகூடின. அப்போது கரடுமுதுகன் என்ற முதலை ஆடி அசைந்து வந்தது. அதன் கண்ணில் நீர்கூட வந்தது. முதலைக்கா வராது!

"ஆபத்து ஆத்துலேருந்துதானே வருது? ஆத்தை விட்டுத் தள்ளிப் போங்க! காட்டுக்குள்ளே என் வீட்டுப் பக்கம் வாங்க. இடம் தாராளமா இருக்கு!"

"ஆகா, என்ன பெரிய மனசு!" என்று உருகியது மான். பயம் வந்துவிட்டால் புத்தி லீவு போட்டுவிடும், பாருங்கள்.

வெண்வாலி மட்டும் நகரவில்லை. அது தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. காலடியில் ஓடும் மழைநீரில் ஒரு இலை மிதந்து போனது.

"கொஞ்சம் நில்லுங்க! இந்தத் தண்ணி ஆத்துக்கா போகுது? ஆத்துக்கு முதுகைக் காட்டிட்டுக் காட்டுக்குள்ளே ஓடுது! அப்படின்னா மேடு எது, பள்ளம் எது?"

"ஆத்தங்கரை மேடாம்! யாராவது கேட்டா சிரிப்பாங்க!" என்று சிரித்தது ரக்கூன் என்ற வளையவால் விலங்கு.

"சிரிக்காதே! ஒவ்வொரு வெள்ளத்திலும் ஆறு கனத்த மணலைக் கரையிலேயே கொட்டிட்டுப் போகுது, அதனால கரை உசந்துக்கிட்டே வருது. குட்டி போட இடம் தேடிக் காடெல்லாம் மண்ணைக் கிளறினவ நான். இங்கே கிளறினா மணல். காட்டுக்குள்ளே கிளறினா கருஞ்சேறு. ஒரு சாண் ஆழத்துலயே தண்ணி!"

"ஐயோ பாவம், பெத்த பிள்ளைகளையே ஆத்துல தள்ளப் பாக்குறாளே!" என்றது முதலை. அவ்வளவுதான். எல்லாரும் அதன் பின்னால் போய்விட்டார்கள்.

வெண்வாலி குட்டிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. கணக்குத் தப்பினால் நான்கு உயிர் போகும். ஆனாலும் குட்டிகளை முட்டித் தள்ளிக்கொண்டு, கரையில் இருந்த ஓக் மரத்தடிக்கு ஓடியது.

"அம்மா, ஆறு கத்துது!" என்று அழுதது கடைக்குட்டி.

"கத்தட்டும்டா. நீ என்னை ஒட்டி நில்லு!"

ஆறு கரை மீறியது. தண்ணீர் வெண்வாலியின் பாதத்தை நனைத்தது. அப்புறம்? அப்படியே சரிந்து காட்டுக்குள் பாய்ந்தது! அதற்கு மேல் ஒரு விரல்கூட ஏறவில்லை. வெண்வாலிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

காட்டுக்குள்ளோ தண்ணீர் மானின் வயிற்றுக்கு ஏறி, கழுத்துக்கும் வந்துவிட்டது. கரடுமுதுகன் வாயைத் திறந்தது.

"நல்லா வந்தீங்க! நாலு நாளா நான் பட்டினி!"

"ஐயையோ, மோசம் போனோமே!" என்று அலறியது மான்.

அந்த அலறல் கரைவரை கேட்டது. வெண்வாலி அங்கே விழுந்து கிடந்த பொந்து மரத்தின் மேல் தாவி ஏறியது. பின்னங்காலால் டம்! டம்! டம்! என்று அடித்தது.

"சத்தம் வர்ற பக்கம் வாங்க! தண்ணி எதிரே வந்து மோதினா, அதுதான் சரியான வழி!"

ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, வெள்ளத்தை எதிர்த்து, எல்லாரும் மேடேறி வந்து சேர்ந்தார்கள். கடைசியாக வந்த ரக்கூனை முதலை எட்டிப் பிடித்தது. கிடைத்தது என்னவோ வாயளவு வால்மயிர்தான்! மான் திரும்பி நின்று கொம்பைத் தாழ்த்தியதும், முதலை அந்த மயிரைத் துப்பிக்கொண்டே திரும்பிப் போனது.

"ஆத்தங்கரைதான் மேடு! வெண்வாலிதான் கெட்டிக்காரி!" என்று ரக்கூனே உரக்கக் கத்தியது. கரை முழுக்க ஒரே ஆரவாரம். கடைக்குட்டி பொந்து மரத்தின் மேல் ஏறி, தன் சின்னக் காலால் டம் டம் என்று தட்டியது.

பயந்த நேரத்தில் பிறர் வாயைப் பார்த்து ஓடாமல், தான் நிற்கும் மண்ணைத் தன் கண்ணால் பார்ப்பவரே பிழைப்பார். பிறரையும் பிழைக்க வைப்பார்.