மிதிக்காத கால்

“வண்டி கத்துது. நகர மாட்டேங்குது.”

வையாபுரி பட்டறைக்குள் நுழைந்ததும் சொன்னது இதுதான். வணக்கம் வைக்கவில்லை. போட்ட ஸ்டூலில் உட்காரவும் இல்லை.

கொல்லிமலை அடிவாரத்தில் இருந்தது அந்தப் பட்டறை. மெக்கானிக் இருதயராஜுக்கு வையாபுரியின் வயதில் பாதிதான் இருக்கும். ஆனாலும் மலை ஏறுகிற டிரைவர்கள் எல்லோருக்கும் அவன் வாத்தியார். வையாபுரிக்கு அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. தம்பி என்றார்.

இருதயராஜ் மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தான். மேலே சொல்லுங்க என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

வையாபுரி கொட்டித் தீர்த்தார். மேட்டில் ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் உறுமுகிறது, சக்கரம் தூங்குகிறது. கிளட்ச் பிளேட் போச்சு என்று ஒருத்தன் மாற்றினான். அடுத்த மழைக்குள் அதுவும் தேய்ந்தது. இன்னொருத்தன் மாற்றினான், அதுவும் கருகியது. இப்போது கியர் பெட்டியிலேயே கோளாறு என்கிறார்கள். அத்தனை பேரும் திருட்டுப் பயல்கள். நீயும் அந்தக் கூட்டந்தான் என்றால் இப்பவே சொல்லிவிடு, வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.

இருதயராஜ் கோபப்படவில்லை. வாசலைப் பார்த்தான். ரோட்டோர வேப்பமரத்தடியில் ஒரு பெண் துணிப்பையோடு நின்றிருந்தாள்.

“அக்கா உள்ள வரலையா?”

“பஸ்ஸுக்கு நிக்கறா.”

வையாபுரி இப்போது உட்கார்ந்தார்.

போன வாரம் மனைவி செங்கம்மாவைத் தன் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பின்னால் சிமெண்டு மூட்டைகளோடு, மலைமேல் இருக்கும் அவள் அம்மா ஊருக்குப் போனார். ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி உறுமியது. அப்படியே பின்னால் உருண்டது. பிரேக் பிடிப்பதற்குள் சக்கரம் ஓரத்துக் கல்லில் முட்டி நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் வெறும் காற்று. செங்கம்மா கதவைத் திறந்து இறங்கினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடிவாரம் வரைக்கும் நடந்தே வந்தாள்.

“நான் மொத வண்டி வாங்கின நாள்லேர்ந்து அந்தப் பக்கத்து சீட்டு அவளோடது, தம்பி. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல.”

இருதயராஜ் கியர் பெட்டியை இறக்கினான். மத்தியானமாயிற்று.

வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கேள்வி வந்தது. “இன்ஜினையும் கியரையும் எது சேத்து வச்சிருக்குண்ணே?”

“போல்டு. வேற என்ன?”

“வந்து பாருங்க.”

வையாபுரி வேட்டியை மடித்துக்கட்டி, முனகிக்கொண்டே அடியில் நுழைந்தார். இருதயராஜ் டார்ச் அடித்தான். இன்ஜின் பக்கம் ஒரு கனத்த இரும்புச் சக்கரம். அதன் முகம் கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது, அங்கங்கே சூட்டில் நீலம் பாரித்திருந்தது. இருதயராஜின் கையில் கருகிப்போன பிளேட். தோசைக்கல் அகலங்கூட இல்லை. அதை அந்தச் சக்கரத்தின்மேல் வைத்துக் காட்டினான். இது இதோட சேந்து சுத்தணும், அவ்வளவுதான் என்றான்.

“போல்டு எங்க?”

“இல்லண்ணே.”

“பல்லாவது இருக்குமே?”

“இந்த எடத்துல இல்ல.”

“அப்ப மலையேத்தறது எது?”

இருதயராஜ் டார்ச்சைக் கீழே வைத்தான். படுத்தபடியே இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்தினான். பார்ப்பதற்குக் கும்பிடுவதுபோல இருந்தது.

“ஸ்பிரிங் அழுத்துது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்குது. அவ்வளவுதான்.”

வையாபுரி வெளியே வரவில்லை. அங்கேயே மல்லாந்து கிடந்தார்.

எத்தனை மூட்டை. எத்தனை பலாப்பழம். பிரசவ வலியில் துடித்த பெண்களை இறக்கியிருக்கிறார். கோயிலுக்கு வெண்கல மணியை ஏற்றியிருக்கிறார். முன்பணம் வாங்காமல் ஒரு மூட்டை இறக்காதவர் அவர், கயிறு போட்டுக் கட்டாத எதையும் நம்பாதவர். அவரையும் செங்கம்மாவையும் இத்தனை வருஷமாக மலைமேல் கொண்டு சேர்த்தது, எதனோடும் கட்டப்படாத இந்த ஒரு வட்டம்.

அந்த இரும்பு முகத்தைத் தொட்டார். சில்லென்று இருந்தது. உடனே கையை எடுத்துக்கொண்டார், சாமி சிலையைத் தெரியாமல் தொட்டுவிட்டதுபோல.

“ஒட்டி நிக்கறது ஏன் வழுக்குது?” என்று கேட்டார். குரலில் சண்டை இல்லை.

இருதயராஜ் அவரை வெளியே வரச் சொன்னான். புதுப் பிளேட்டைப் போட்டு எல்லாவற்றையும் பூட்டினான். பிறகு அவரை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னான். இன்ஜினைப் போட வேண்டாம், அன்னைக்கு அந்த வளைவில் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்க என்றான். திறந்திருந்த கதவுப் பக்கம் குந்தி உட்கார்ந்துகொண்டான்.

வையாபுரி ஸ்டியரிங்கைப் பிடித்தார். சொல்லச் சொல்ல மலை கண்முன் வந்துவிட்டது. எதிரே பஸ் வந்தது, ஆரன் அடித்தேன், ஒதுங்கினேன், மறுபடி ஏற்றினேன், செங்கம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்...

“கை வலிக்குதுண்ணே.”

வையாபுரி குனிந்து பார்த்தார்.

கிளட்ச் பெடலின்மேல் இருதயராஜின் கை. அதன்மேல் தன்னுடைய இடது கால்.

“நான் மிதிக்கலையே.”

“மிதிக்கலண்ணே. சும்மா வச்சிருக்கீங்க. அந்தக் கனத்துக்கே ஸ்பிரிங் விட்டுக்குடுத்துடும், பிளேட்டு ஒட்டாம வழுக்கும்.”

வையாபுரி காலை எடுக்க நினைத்தார். அது உடனே வரவில்லை. அவர் லாரியில் கிளீனராக இருந்து ஓட்டக் கற்றபோது அந்தக் கால் அப்படிப் பழகியது. கிளட்சை விட்டு இறங்கினால் லாரி டிரைவரின் ஸ்பேனர் முட்டியில் விழும். எந்த நேரமும் இன்ஜினிலிருந்து அறுத்துக்கொள்ளத் தயாராக இருக்கணும், அவன்தான் டிரைவர் என்று அந்த ஆள் சொல்லிக்கொடுத்திருந்தான். அவன் செத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

முட்டியைத் தடவிக்கொண்டார்.

“அப்ப காலை எங்க வைக்கறது, வாத்தியாரே?”

இருதயராஜ் பெடலுக்குப் பக்கத்தில் வெறும் தரையை உள்ளங்கையால் தட்டினான்.

வையாபுரி வேப்பமரத்தடிக்குப் போனார். செங்கம்மாவிடம் என்ன சொன்னார் என்று பட்டறையில் யாருக்கும் கேட்கவில்லை. பஸ் வந்தது. பஸ் போனது. அவள் ஏறவில்லை.

அவள் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பின்னால் போன வாரத்துச் சிமெண்டு மூட்டைகள் அப்படியே இருந்தன.

வளைவு மேல் வளைவாக மலை தன்னைத் திருப்பிக் காட்டியது. இன்ஜினின் சத்தமும் வண்டியின் ஓட்டமும் ஒன்றாகவே ஏறின. வையாபுரி இப்படி ஒரு ஏற்றத்தைக் கேட்டதில்லை. பேசினால் கலைந்துவிடுமோ என்று வாயைத் திறக்கவே பயந்தார்.

அந்தக் கல் தெரிந்தது.

இடது கால் கூசியது. அது தரையில்தான் இருக்கிறதா, மேலே போய்விட்டதா, அவருக்கே தெரியவில்லை. பார்வையை ரோட்டிலிருந்து எடுக்கவும் முடியாது.

“செங்கம்மா. எங்காலு எங்க இருக்குன்னு பாரு.”

அவள் கம்பியை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

“கீழதான் இருக்கு. போங்க.”