பெட்டிக்குள் பாடிய மருதன்

கருவேலங்காடு முடிந்து சதுப்பு தொடங்கும் இடத்தில், ஒரு புதருக்குள் கீச்சி என்ற கதிர்க்குருவி தன் மூன்று குஞ்சுகளோடு இருந்தாள். இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்து, உள்ளே எருக்கம்பஞ்சு வைத்த கூடு. அவளும் அவள் கணவன் மருதனும் சேர்ந்து கட்டியது. முதல் முட்டை இட்ட மறுநாள் அடித்த புயற்காற்றில் மருதன் காணாமல் போனான். ஓர் இறகுகூடக் கிடைக்கவில்லை. அதனால் கீச்சிக்கு அழுது தீர்க்கவும் தெரியவில்லை, காத்திருப்பதை விடவும் தெரியவில்லை.

குஞ்சுகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. பூச்சி தேடப் போகும்போதெல்லாம் கீச்சி திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். இலை அசைந்தால் பயம். அசையாமல் இருந்தால் அதைவிடப் பயம்.

ஒரு நாள் காலையில் சதுப்பின் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"கீச்சி, வா வா! இங்கே இருக்கேன், வா வா!"

கீச்சியின் அலகில் இருந்த பூச்சி கீழே விழுந்தது. அது மருதனின் குரல். இரண்டாவது 'வா'வில் லேசாகக் கம்முமே, அந்தக் குரலேதான்.

"கானாங்கோழி அக்கா, கேட்டீங்களா? அவர்தான்."

கீழே சேற்றில் தன் கறுப்புக் குஞ்சுகளை மேய்த்துக்கொண்டிருந்த கானாங்கோழி நிமிர்ந்து பார்த்தது. "கேட்டேன். வந்தவன் வீட்டுக்கு வராம அங்கே நின்னு ஏன் கூவறான்? வழி மறந்துட்டானா?"

"அடிபட்டிருக்கும் அக்கா. பறக்க முடியலையோ என்னவோ."

"அங்கேதான் அந்த இலைச்சட்டைக்காரன் விடிஞ்சதிலேருந்து குந்தியிருக்கான். குருவிகளைப் படம் எடுக்கிறவன். நீங்க கூடு கட்டறப்போ வந்தானே, மருதன் பாடப் பாட ஏதோ ஒரு பெட்டியை நீட்டிக்கிட்டு நின்னானே, அவன். எனக்கு ஒண்ணும் சரியாப் படலை."

கருவேல மரத்தில் இருந்த செம்போத்து இதையெல்லாம் கேட்டது. குஞ்சுக்கறி என்றால் அதற்கு உயிர். சிவந்த கண்ணை உருட்டிக்கொண்டு கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தது.

"ஏம்மா தங்கச்சி, புருஷன் தொண்டை கிழியக் கூப்பிடறான். நீ இங்கே உட்கார்ந்து நியாயம் பேசறியே. எந்தக் கால் உடைஞ்சு கிடக்கானோ, பாவம்."

"குஞ்சுகளை விட்டுட்டு எப்படிண்ணே போறது?"

"யாரைப் பார்த்துப் பயம்? என்னையா? நான் அக்கரைக்கு நத்தை பொறுக்கப் போறேன். இதோ, போயிட்டே இருக்கேன், பார்."

செம்போத்து போவதுபோலப் போய், கோரைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டது.

"போகாதேடி," என்றது கானாங்கோழி. "பிள்ளைங்க உடம்பிலே ஒரு தூவிகூட முளைக்கலை."

"பார்த்துட்டு உடனே வந்துடறேன் அக்கா. ஒரு தடவை. முகத்தை மட்டும்."

கீச்சி பறந்தாள்.

சதுப்பின் ஓரத்தில் ஒரு காய்ந்த குச்சி தனியாக நட்டு வைக்கப்பட்டிருந்தது. அவள் அதன் மேல் உட்கார்ந்தாள். "எங்கே இருக்கீங்க?"

"இங்கே இருக்கேன், வா வா!"

குரல் காலடியிலிருந்து வந்தது. குனிந்து பார்த்தாள். மருதன் இல்லை. மருதன் பாடியபோது இலைச்சட்டைக்காரன் நீட்டிய அந்தக் கறுப்புப் பெட்டிதான் இருந்தது.

"குஞ்சு பொரிச்சாச்சுங்க," என்றாள் பெட்டியைப் பார்த்து. "மூணு. நடுவுல இருக்கிறவன் உங்களை மாதிரியே கத்தறான்."

"கீச்சி, வா வா! நல்ல பஞ்சு கிடைச்சிருக்கு, வா வா!"

"பஞ்சா? இப்போ எதுக்குப் பஞ்சு?"

"கூட்டுக்குள்ளே வைக்கலாம், வா வா!"

கீச்சிக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. எருக்கஞ்செடி உச்சியில் நின்று, வாலைத் தூக்கிக்கொண்டு மருதன் அப்படித்தான் கூப்பிட்டான். அந்தப் பஞ்சு இப்போது குஞ்சுகளின் வயிற்றுக்கடியில் இருக்கிறது. இந்தக் குரலுக்குக் குஞ்சுகளைத் தெரியாது. முட்டையைக்கூடத் தெரியாது. குரல் அவனுடையதுதான். அவன்தான் அதில் இல்லை.

"ஒரு தடவை பிள்ளைங்களைப் பத்திக் கேளுங்களேன்," என்றாள் கீச்சி.

"நல்ல பஞ்சு கிடைச்சிருக்கு, வா வா!"

பக்கத்துப் புதருக்குள்ளிருந்து இலைச்சட்டைக்காரனின் கேமரா படபடவென்று சத்தம் போட்டது. படத்தைப் பார்க்கிறவர்கள் அவள் பாடுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அப்போது கானாங்கோழி அலறியது. "கீச்சி! கூடு!"

கீச்சி வந்து சேர்ந்தபோது செம்போத்து கூட்டுக்கு எதிர்க்கிளையில் நின்றுகொண்டு, எந்தப் பக்கம் அலகை விடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. சண்டை போட்டால் தன் உடம்பு அதற்கு ஒரு வாய்க்குப் போதாது என்று கீச்சிக்குத் தெரியும். என்ன செய்வது? சற்று முன் தன்னை எப்படி இழுத்தார்களோ, அந்த வழி நினைவுக்கு வந்தது. செம்போத்தின் கண்முன்னே தொப்பென்று விழுந்து, ஓர் இறக்கையைத் தரையில் இழுத்தாள்.

"ஐயோ, இறக்கை போச்சே. அண்ணே, என்னை ஒண்ணும் பண்ணிடாதீங்க."

'குஞ்சுகள் எங்கே ஓடிவிடும்? முதலில் இவள்' என்று எண்ணிய செம்போத்து கீழே குதித்தது. கீச்சி நொண்டினாள். அது தாவியது. எட்டிப் பிடிக்கலாம் போல இருக்கும்போதெல்லாம் அவள் இன்னும் சற்றுத் தள்ளி விழுந்தாள். இப்படியே கோரை கடந்து, சேறு கடந்து, காய்ந்த குச்சி வரை வந்துவிட்டார்கள்.

"இங்கே இருக்கேன், வா வா!" என்று பெட்டிக்குள்ளிருந்து மருதன் கூப்பிட்டான். இந்த முறை பாய்ந்து வந்தது செம்போத்து.

கீச்சி விருட்டென்று மேலே எழுந்தாள். செம்போத்து போய் மோதியது இலைச்சட்டைக்காரன் முழங்காலில். "ஏய், சூ!" என்று அவன் பதறி எழுந்து கையை வீச, புதர் ஒன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டதென்று அரண்டுபோன செம்போத்து, சேற்றில் புரண்டு காட்டுக்குள் ஓடியது.

கீச்சி திரும்பி வந்து குஞ்சுகள் மேல் இறக்கையை விரித்து உட்கார்ந்தாள். மூன்றும் சூடாக இருந்தன. கானாங்கோழி கூட்டுக்கு நேர் கீழேயே மேய்ந்துகொண்டிருந்தது.

ஓரத்திலிருந்து மறுபடியும் குரல் வந்தது. "கீச்சி, வா வா!"

அவளைக் கேட்காமலேயே இறக்கைகள் ஒரு முறை எழுந்தன. பிறகு மடிந்தன.

"அம்மா, யாரும்மா அது?" என்றான் நடுவில் இருந்தவன்.

"உங்க அப்பா."

"நாம எப்போம்மா போறது?"

"போறதில்லை கண்ணு. இங்கேயிருந்தே கேட்டுக்கலாம்."

எவ்வளவு ஏங்கிய குரலாக இருந்தாலும், நாம் சொல்வதைக் காதில் வாங்காத அழைப்பின் பின்னால் போகாமல், நம்மை நம்பிக் கண்மூடிக் கிடப்பவர்களின் அருகில் இருப்பதே அறிவு.